நாஷ்டா என்னும் சொல்லை நான் அடித்தது

ஓர் அட்டையில் அச்சாகிய பிழையொன்று இன்னும் திருத்தப்படாமல் வடசென்னைக் கரையெங்கும் வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்கிறது. அப்பிழை என்னுடையது. திருத்த வேண்டியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை. ஆகவே, விருப்பமின்றியே இதை எழுதிவைக்கிறேன்.

இராயபுரத்தில் ஓர் அரசு மருந்தகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருந்தாளுநர் என்னும் சொல்லை என்னைத் தவிர எவரும் வழங்கியதில்லை. கரையார் அனைவர்க்கும் நான் கம்பவுண்டர்தான். மாத்திரையைக் காகித உறையில் இடுமுன் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம்: எப்போது எழுவீர்கள், எப்போது உண்பீர்கள். படகில் செல்பவரின் நாள் வேறு. இரவுப்பணி முடித்து விம்கோ நகர் திரும்புபவரின் நாள் வேறு. அந்தப் பழைய முறை குறையற்றது என்று சொல்லமாட்டேன். வரிசையில் நின்று கால் கடுத்துத் திட்டிவிட்டுப் போனவர்கள் பலர். மருந்து தீர்ந்துவிட்டது என்று நானே திருப்பியனுப்பிய நாள்களும் உண்டு.

இப்போது வரிசை இல்லை. கைபேசிச் செயலியில் பதிந்தால், மாதந்தோறும் மருந்து முத்திரையிட்ட பொதியாக வாசலுக்கு வருகிறது. அப்படி அனுப்பும் நிறுவனமொன்று, தன் நீரிழிவு மாத்திரையுடன் வைக்கும் வழிகாட்டி அட்டையைத் தமிழாக்க ஒரு குழு அமைத்தது. மருந்தறிவும் தனித்தமிழ்ப் பற்றும் உள்ளவன் என்று, அதற்கு மொழி வல்லுநராக என்னை அழைத்தார்கள். குளிரூட்டிய அரங்கில் ஒரு மருத்துவப் பேராசிரியர் வருங்கால மருத்துவம் பற்றிப் பேசினார். நோயாளிக்கும் மாத்திரைக்கும் இடையே இனி எவரும் நிற்கத் தேவையில்லை என்றார் நிறுவன அதிகாரி. அனைவரும் கைதட்டினார்கள். இடையே நின்றே வாழ்நாளைக் கழித்த நானும் தட்டினேன்.

காத்திவாக்கத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரச் செவிலியர் ஒருவரும் குழுவில் இருந்தார். அட்டையின் முதல் வரியை அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ‘நாஷ்டாவுக்கு அரைமணி முன் ஒரு மாத்திரை.’

“இது அயற்சொல் அம்மா. அச்சில் ஏறலாகாது,” என்றேன்.

“எங்க ஜனங்க அப்டித்தான் ஐயா சொல்வாங்க.”

“காலை உணவு என்று நம்மிடமே இருக்கும்போது இரவல் எதற்கு?”

“காலை உணவுன்னா, யாரோட காலை ஐயா?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையால் ‘நாஷ்டாவுக்கு’ என்பதை மட்டும் அடித்து, ‘காலை உணவுக்கு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். செவிலியர் தம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் சென்றன. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு நெடுநாளாக மீன் கொண்டுவரும் அம்மையார் ஒருவர், ஒரு நாள் பத்து மணிக்கு மேல் என் வாயிற்படியருகே கூடையை இறக்கியவர் நிமிரவில்லை. முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறியது. வெயிலால் வந்த மயக்கம் என்று தெருவார் விசிறினார்கள். நான் கண்டது சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கம்; அந்நிறுவனத்தின் பொதி அவர் வீட்டுக்கும் வருவதை அறிவேன். மூன்று கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சிறிது சிறிதாகப் புகட்டினேன். கால் மணியில் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மீன பூன தூக்கினு பூட்ச்சா?”

“மீன் இருக்கட்டும். மாத்திரை எப்போது போட்டீர்கள்?”

“காலைலதான் நைனா. ரெண்டு மணிக்கு எயுந்து மாத்திரைய போட்டுக்கினு, அரைமணி கயிச்சி சக்கர இல்லாத டீத்தண்ணிய குடிச்சிட்டு, காசிமேடு ஏலத்துக்குப் போனேன்.”

“அதன்பின் என்ன உண்டீர்கள்?”

“இன்னா துன்றது? எல்லாம் வித்துட்டு, பதினோரு மணிக்கா நாஷ்டா துன்னுவேன்.”

“உணவுக்கு முன் என்று அட்டையில் இருக்குமே!”

“எம்பொண்ணு படிச்சிக் காட்னா. காலை உணவுன்னு போட்டுக்கீதாம். நாஷ்டான்னா போட்டுக்கீது? காலைல வாய்ல பட்றது டீதானே, அதுக்கு முன்னாடி போட்டுக்கோன்னு எயுதிக்கிறாங்கன்னு நென்ச்சேன். எவன் எயுதுனானோ, பேஜாரு புடிச்சவன்!”

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை அது. பின்னிரவில் விழுங்கிவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் உண்ணாமல், தலையில் சுமையோடு நடந்திருக்கிறார். நாஷ்டா என்று இருந்திருந்தால், பத்தரைக்குப் போட்டுக்கொண்டு பதினொன்றுக்கு இட்டிலி தின்றிருப்பார். எழுதியவன் நான் என்பதை அன்று அவரிடம் மறைத்துவிட்டேன்.

மறுநாள் அந்நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எண்களை மாற்றி மாற்றி அழுத்தியபின் ஓர் இளம்பெண் குரல் வந்தது. நடந்ததைச் சொல்லி, வாசகத்தை மாற்றக் கோரினேன்.

“அது வல்லுநர் குழு அப்ரூவ் பண்ண வாசகம் சார். நாங்க மாத்த முடியாது.”

“அந்த வல்லுநர் நான்தான்.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே சார்.”

கடிதம் எழுதினேன். அடுத்த மறுஆய்வின்போது தங்கள் கருத்து பரிசீலிக்கப்படும் என்று நன்றியுடன் பதில் வந்தது. மறுஆய்வு எப்போது என்று கேட்டெழுதினேன். அதே பதில், அதே நன்றி. பேராசிரியரைத் தேடிச் சென்றபோது, நோயாளிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்றார். இரண்டு மணிக்கே விழித்திருப்பவருக்கு இன்னும் என்ன விழிப்பு வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அவருடைய கைபேசி ஒலித்தது. செவிலியரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க ஐயா, நான் போற வூட்ல எல்லாம் வாயால சொல்லிட்டுத்தான் வரேன்,” என்றார் அவர். அவர் போகும் வீடுகள் எத்தனை, பொதி போகும் வீடுகள் எத்தனை!

மீன்கார அம்மையாரை அவருடைய மருத்துவரிடம் அனுப்பி, மாத்திரைக்குரிய நேரத்தை உறுதிசெய்துகொள்ளச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் கூடையோடு நான்கு அட்டைகளும் கொண்டுவந்தார். ஏலத்தில் உடன் நிற்கும் மூன்று பெண்களுக்கும் அதே மாத்திரை, அதே அட்டை, அதே மருத்துவர். அவர்களும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“டாக்டரு நாஷ்டாவுக்கு முன்னாடின்னுதான் சொன்னாரு. அத்த இதுல எயுதிக் குடு கம்பவுண்டரு.”

அப்போதுதான் சொன்னேன். “அம்மா, அதை எழுதிய பேஜாரு பிடித்தவன் நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? படிச்சவன்னு பேரு! எயுது, எயுது, டைம் ஆவுது.”

என் வரியை அடித்துவிட்டு, நான்கு அட்டைகளிலும் ‘நாஷ்டாவுக்கு அரைமணி முன்’ என்று பெரிதாக எழுதினேன். உடன் வந்திருந்த மகள் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அம்மையார் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “இப்பத்தான் தமிழ்ல எயுதிக்கிறே.”

நான்கு அட்டைகள் திருந்தின. மற்றவை இந்த மாதப் பொதியிலும் என் சொல்லோடுதான் வந்திருக்கின்றன. எண்ணூர் முதல் இராயபுரம் வரை நாஷ்டா என்னும் சொல் எல்லார்க்கும் ஒரே வேளையைக் குறிக்கிறதா என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒருமுறை தவறியவன் மறுமுறையும் தவறலாம். இக்குறிப்பில் சொல்லாலோ செய்தியாலோ பிழை கண்டோர் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். அதற்குமுன், அந்த அட்டை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்குமாயின், மருத்துவரைக் கேட்டு முதலில் அதைத் திருத்திவிடுங்கள்.