புங்க எண்ணெயும் என் சுத்தியலும்

ஆம்பூரில் அன்றைக்கு என்னைவிடப் பெரிய முட்டாள் கிடையாது. ஊரில் மோட்டார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என்ற திமிர்.

தோல் கிடங்கு முதலாளியின் பழைய காரில் உப்பிட்ட பச்சைத் தோல்களை ஏற்றி ஏற்றி, பின் சக்கரத்து நட்டு துருவேறி இறுகிவிட்டது. அதைக் கழற்றும்போது ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, கிடங்கில் தோல் செதுக்கும் காதர் பாயைக் கூப்பிட்டேன்.

"புங்க எண்ணெய ஊத்தி ரெண்டு நாள் வுடு தோஸ்த், தானா எளகும்" என்றார்.

"இது இன்னா ஆட்டுத்தோலா பாய், எண்ணெயில ஊறறதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதாதா? அவர்களைப் பார்த்துக்கொண்டே, ஸ்பேனரின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நட்டு அசையவில்லை. சுத்தியல் வழுக்கி, ஸ்பேனரைப் பிடித்திருந்த பாயின் இடது கட்டைவிரலை நசுக்கியது. வைத்தியர் அந்த விரலையே எடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் எதிரில் உட்கார்ந்ததும் என் பாழும் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"இன்னும் ஒம்போது வெரல் இருக்கே பாய், எப்போ வேலைக்கு வர்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

"தோல் கத்திய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிக்கணும்" என்றார்.