சுவரில் இறங்கிய தண்ணீர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கும் மஹ்பூபி, வாதத்தில் படுத்துவிட்ட கணவர் நசீர் அகமதுக்காகத்தான் வீட்டில் ஏசி மாட்டினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, ஏசித் தண்ணீர் வெளியே போகாமல் சுவரில் வழிந்து பிளக் வரை இறங்கியிருந்தது. சுவரை ஒட்டிக் கிடந்த அவருடைய இரும்புக் கட்டிலைத் தொட்டாள். கரண்ட் அடித்து விரல் சுருக்கென்றது.

"மத்தியானத்துலேர்ந்து உடம்பு ஜிவ்வுங்குது. இன்னான்னே தெரியல," என்றார் நசீர்.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். வெளியே போய், ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்புக்குள் கம்பியை விட்டுக் குடைந்தாள். கறுத்த பாசி கட்டியாக விழ, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது.

இப்போது மாதாமாதம் அவளே பைப்பைக் கழுவுகிறாள். ஆனாலும் கம்பெனியில் எங்காவது தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால், தைக்கிற கை நின்றுவிடுகிறது.