எனக்குப் படிக்க வராத புல் முடிச்சு

"பொட்டப்புள்ள படிச்சுக் காயிதம் எழுதி என்னத்தப் பண்ணப்போவுது?" என்று என் பெரியப்பா ஒருநாள் அப்பாவிடம் கேட்டார். அப்பா மறுநாளே என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அடிவாரத்து ஊரிலிருந்து போய் ஆசிரியைப் பயிற்சி முடித்து, கொல்லிமலையில் அரியூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வேலைக்கு வந்தேன். நான் சொல்லவந்தது நடந்தது போன கார்த்திகையில். அப்போது நான் மலைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு விவசாயி வீட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். அந்த வீட்டுக்காரர் மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். அன்று காலை பனி முழுதும் விலகவில்லை. சோளக்காடு ஊர்ச் சந்தைக்குக் கிளம்பிய நான், அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் ஓர் ஆள் கதிர் அறுத்துக் கூடையில் போடுவதைக் கண்டேன். நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர்தான். என்னைப் பார்த்தார், ஒளியவில்லை. சிரித்துத் தலையசைத்துவிட்டு அறுத்துக்கொண்டே இருந்தார்.

பயிற்சிப் பள்ளியில், மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று ஒரு பாடம் உண்டு. வறுமை, கெட்ட சகவாசம், வளர்ப்பு, தண்டனைக்குப் பயமில்லாமை என்று வரிசையாக எழுதி நல்ல மார்க்கு வாங்கியிருந்தேன். என்னைப் பார்த்தும் சிரித்த அந்த மனிதரைக் கடைசி வகையில் சேர்த்தேன்.

சந்தைக்கு அன்று கீழிருந்து போலீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எழுத்துல குடுக்க முடியுங்களா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி, ஒரு மிளகு மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நாள், நேரம், கொல்லையின் எல்லை எதையும் விடவில்லை. "முத்து முத்தா எழுதிருக்கீங்க" என்றார். பெரியப்பா அங்கே இருந்து அதைக் கேட்டிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அந்த ஆளைப் பிடித்தார்கள். அவர் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. மிச்சக் கதிரைக் கூடையோடு சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரம்மா பாக்கத்தானே அறுத்தேன், ஒளிஞ்சா எடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் திரும்பினார். நல்ல வார்த்தை சொல்வார் என்று இருந்தேன். அவர் என்னைக் கொல்லை மேட்டுக்குக் கூட்டிப்போய் வேலிக் கம்பு ஒன்றைக் காட்டினார். அதில் புல்லைத் திரித்து ஒரு முடிச்சு போட்டிருந்தது.

"இதப் பாக்கலீங்களா?"

"பார்த்தேன். கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியது என்று நினைத்தேன்."

"திருடறவன் கட்டிப்போட்டுப் போவானுங்களா?"

அப்புறம்தான் சொன்னார். வீட்டில் தானியம் தீர்ந்துபோனவர், அயலார் கொல்லையில் ஒரு கூடை அறுத்துக்கொள்ளலாம். போகும்போது இப்படி ஒரு முடிச்சு போடவேண்டும். அறுவடையன்று தானாக வந்து ஒருநாள் வேலை செய்துவிட்டுப் போவார். யார் எடுத்தது என்று கொல்லைக்காரர் கேட்கமாட்டார், எடுத்தவர் கையேந்தவும் வேண்டாம். அந்த ஆளுடைய கொல்லையைப் பன்றிகள் உழக்கிவிட்டிருந்தன என்பது என்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது.

"எல்லாக் காயிதமும் படிக்கறாங்க, ஒரு முடிச்சு படிக்க வரல" என்று வீட்டுக்காரர் மனைவி வாசலில் நின்று சொன்னார். அடுத்த வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அதுவரை என் படிப்பைப் பற்றி யாரும் சிரித்ததில்லை.

விடிந்ததும் வீட்டுக்காரரும் நானும் மலையிறங்கி ஸ்டேஷனுக்குப் போனோம். நான் எழுதியது தவறு என்று நானே சொன்னேன். "அது என்ற காட்டுக் கதுருங்க. நானே திருட்டில்லைன்னு சொல்றேன், அப்பறம் என்னங்க கேசு?" என்றார் வீட்டுக்காரர். முடிச்சைக் கம்போடு பிடுங்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதிகாரி அதைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து ஆளை விட்டார்கள். ஆனால் ஸ்டேஷன் பதிவுப் புத்தகத்தில் ஏறிய பெயரை எடுக்க முடியாது என்றார் அதிகாரி. "நீங்க எழுதிக் குடுத்ததும்மா."

மூவரும் மேலே ஏறும்போது பாதி வழியில் அந்த ஆள், "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே வாத்தியாரம்மா" என்றார். அறுவடையன்று வழக்கப்படி தானாக வந்து வேலை செய்தார். வீட்டுக்காரர் முற்றத்தில் அவருக்குக் களி போட்டார்கள். மலையில் அது அத்தோடு முடிந்தது.

கீழே முடியவில்லை. வருஷா வருஷம் பங்குனியில் அவர் அடிவாரத்துக்குக் கடலைக்காய் பிடுங்கப் போவார். அந்தக் கூலியில்தான் உப்பும் துணியும் வாங்குவது. இந்தமுறை மூன்று ஊர் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "டேசனுக்குப் போன ஆளு நமக்கு வேண்டாம்" என்றார்களாம். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் என் பெரியப்பா. பிறகு யாரோ அந்த ஆளிடம், பேர்தான் கெட்டுவிட்டதே, இனி சந்தன மரம் வெட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளேன் என்று கேட்டிருக்கிறார்கள். போகவில்லை என்று என்னிடம் சொன்னார். இன்னும் எத்தனை நாள் போகாமல் இருப்பார் என்று நான் பயந்தேன்.

பரீட்சையில் நான் எழுதிய காரணங்களில் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒருவரைப் பார்த்தவர் அவருக்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதும் ஒரு காரணம்தான். புல் முடிச்சை யாரும் கேட்காமலே அறுவடையன்று அவிழ்த்துவிடுகிறார்கள். என் எழுத்தை நான்தான் அவிழ்க்கவேண்டும்.

அதனால் நேற்று பெரியப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். திருட்டு எதுவும் நடக்கவில்லை, படித்த உங்கள் மகள் விளங்காமல் எழுதியதால் வந்த வினை, இந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே, கடலைக்காட்டில் எல்லாரும் இருக்கும்போது படிக்கத் தெரிந்த ஊர்க் கடைக்காரர் உரக்கப் படிக்கவேண்டும் என்று கடிதத்தின் மேலேயே குறித்திருக்கிறேன். இன்று காலை அதைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு அந்த ஆள் மலையிறங்கிவிட்டார்.