யோகம் மாமியின் இடுப்பளவுப் பிள்ளை

யோகம் மாமி இறந்த செய்தி முதலில் என் தங்கை சுதாவுக்குத்தான் போனது. எங்கள் ஊர் லிங்கநகரிலிருந்து கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழுது முடித்துவிட்டுத்தான் கொழும்பிலிருக்கும் எனக்கு எடுத்தாள். ஊருக்கு ஒரு பஸ் தூரத்தில் இருப்பவள் நான். ஆனாலும் மாமியைப் பற்றிய எந்தச் செய்தியும் சுதாவிடம் போய்த்தான் என்னிடம் வரும். அது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இந்த முறையும் பிடிக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்து, இப்போது இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்திருப்பீர்கள். ‘சமூக சேவகி’ என்று போட்டிருந்தது. மாமி சமூக சேவை செய்யவில்லை. சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்கி வந்தார். மீன் வாங்குவதையே சேவை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு ஓர் ஊரைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று எழுத அந்தப் பதாகையில் இடம் இருந்தது, எழுதத்தான் ஆளில்லை.

போர்க்காலத்தில் எங்கள் ஒழுங்கையின் ஏழு வீட்டு ஆண்களும் சந்தைப் பக்கம் போவதில்லை. சுற்றிவளைப்பில் அகப்பட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஏழு வீடுகளுக்கும் சேர்த்து மாமிதான் போவார். கணவரும் பிள்ளைகளும் இல்லாதவர். “எனக்கு ஏதும் நடந்தா ஒரு அடுப்புத்தானே நூரும்” என்பார். ஒருமுறை, மீன் நாறுகிறது என்று எதிர்வீட்டு அண்ணன் குறைபட்டார். “நாறினா நீங்களே போய் நல்லதாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ தம்பி. வழி உங்களுக்கும் தெரியும்தானே” என்றார் மாமி. அதன் பிறகு அந்த ஒழுங்கையில் ஒரு மீனும் நாறவில்லை.

சந்தைக்குப் போகும் வழியில் ஆமியின் சென்றி என்ற காவலரண் இருந்தது. தனியாகப் போகும் பெண்களை மறைப்புக்குள் கூட்டிப்போய்த் தடவிச் சோதிப்பார்கள். திரும்பி வரும்போது பையை நிலத்தில் கொட்டுவார்கள். சின்னப் பிள்ளையோடு வரும் தாயைப் பெரும்பாலும் கையசைத்து விட்டுவிடுவார்கள். இது தெரிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை இரவல் வாங்கத் தொடங்கினார்கள், தேங்காயும் சீனியும் இரவல் வாங்குவதுபோல. இரவல் பிள்ளைக்கு ஓர் அளவு இருந்தது. “இடுப்புக்கு மேல வளந்த பிள்ளை சென்றியில செல்லாது” என்பார் மாமி. சுதாவுக்கு நாலு வயது. எனக்கு எட்டு. நான் செல்லாதவள்.

கிழமைக்கு மூன்று நாள் சுதா மாமியோடு போனாள். வாயோரம் வத்தகப்பழச் சிவப்போடு வருவாள். ஊருக்குள் திரிந்து சந்தைக் குப்பையில் கோவா இலை தின்னும் மான்களைத் தொட்டதாகச் சொல்லுவாள். சென்றியில் மாமியை ‘அம்மா’ என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அவள் வீட்டிலும் அப்படியே கூப்பிட்டாள். எங்கள் அம்மா சிரித்தார். நான் ஆளில்லாத நேரம் பார்த்து அவளைக் கிள்ளினேன்.

ஒருமுறை சுதாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ஊரடங்கு முடிந்த காலை அது. ஏழு வீட்டுக் குசினியிலும் ஒன்றுமில்லை. “மூத்தவளைத் தாவன்” என்று மாமி அம்மாவிடம் கேட்டார்.

“அவள் வளந்திட்டாளே அக்கா.”

“முழங்காலை மடக்கி நடக்கச் சொல்லுவம்.”

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் சென்றிவரை முழங்காலை மடக்கித்தான் நடந்தேன். போகும் வழியில் பாடம் நடந்தது. சென்றியில் நிற்கும் ஒருவன் சுதாவோடு பழக்கம், அவளை மாமியின் ஒரே பிள்ளை என்று நினைத்திருக்கிறான். “இண்டைக்கு உன்ட பேர் சுதா. விளங்கிச்சா? நான் ஆர்?”

“அம்மா.”

அதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. பெயர்தான் கசந்தது.

காலையில் சென்றியில் நின்றவன் எங்களைப் பார்க்கவேயில்லை. சந்தையில் எல்லோரும் பார்த்தார்கள். மீன்காரர் கேட்டார், சுதா எங்கே. காப்புக்காரி கேட்டாள், சுதா எங்கே. கிண்ணியாவிலிருந்து வந்து வத்தகப்பழம் விற்கும் நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டே கேட்டார்: “எங்கட ராசாத்தி எங்க?”

“காய்ச்சல் நானா.”

“அப்ப இது ஆரு?”

“அவளின்ட அக்கா.”

நானா ஒரு துண்டை வெட்டித் தாளில் சுற்றி, சுதாவிடம் கொடுக்கச் சொன்னார். பிறகுதான் நினைவு வந்து எனக்கும் ஒன்று வெட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது சுதாவைத் தெரிந்தவன் சென்றியில் நின்றான். “சுதா பபா?” என்று சந்தேகத்தோடு இழுத்தான்.

“ஓம் மாத்தயா, சுதாதான். காய்ச்சல் வந்து மெலிஞ்சு நெட்டையாப் போனாள்.”

அவன் குனிந்து என்னிடம் கேட்டான். “பேர் என்ன?”

“வதனி.”

மாமியைக் காட்டினான். “அம்மா?”

“இல்லை. மாமி.”

ஏழு வீட்டுச் சாமான்களும் தார் றோட்டில் கொட்டப்பட்டன. மாமியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, பெரிய அதிகாரி வரும்வரை மண்மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். அப்படி இருத்தப்பட்ட சிலர் பிறகு வீடு வரவில்லை என்பது எட்டு வயதில் எனக்கும் தெரியும். நேரம் பத்து மணி இருக்கும். மீன் வெயிலில் வேகத் தொடங்கியது.

மாமி என்னை ஏசவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்துகொண்டு, “வதனி, இஞ்சால வா. என்ட நிழலுக்க இரு” என்றார்.

“பயமாக் கிடக்கோ மாமி?”

“ஓம்” என்றார். “கதையாத. கையை விடாத.”

மூன்று மணிக்கு வந்த அதிகாரி எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். அடையாள அட்டையை நிலத்தில் போட்டான். ஐம்பது வயதுப் பெண் குனிந்து அதை எடுத்தார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாளிலிருந்து அந்தச் சென்றியில் பிள்ளையோடு வருபவர்களையும் சோதித்தார்கள். இரவல் வழக்கம் அதோடு முடிந்தது. ஒழுங்கை முழுக்க மாமியைக் குற்றம் சொன்னது. “நான்தான் தடுமாறிப் பிள்ளையின்ட பேரை மாத்திச் சொல்லிப்போட்டன்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு பல வருடம் அவர் தனியாகப் போனார். கிழமைக்கு மூன்று நாள், அந்த மறைப்புக்குள்.

இதை வாசிக்கும் ஏழு வீட்டாருக்கும் சொல்கிறேன். மாமி தடுமாறவில்லை. பிள்ளைத்தனத்தில் வாய் தவறியது என்று என்னையும் மன்னித்துவிடாதீர்கள். என்ன நடக்கும் என்று முழுதாகத் தெரியாது. சுதா இனிச் சந்தைக்குப் போக முடியாது என்பது தெரியும். அதற்காகத்தான் சொன்னேன். இதை மாமியிடம் சொல்லப் பல வருடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

செத்தவீட்டில் தொலைபேசிக்குள்ளிருந்து சுதா ‘அம்மா’ என்று கதறியபோது எல்லோரும் அவளுக்காகத்தான் அழுதீர்கள். அவளுக்கு அந்தச் சந்தை ஒன்றும் நினைவில்லை. நாலு வயது, மானும் இல்லை, வத்தகப்பழமும் இல்லை, எல்லாம் நான் சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களை அவள் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது ஒரு பகல். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை மாமியின் கை என் கைக்குள் மட்டும் இருந்தது. அதில் சுதாவுக்குப் பங்கு கிடையாது.