கண்டக்டர் பெரியம்மாவின் இரண்டாவது தூளி

பெரியம்மாவுக்கு அசையாத கட்டிலில் தூக்கம் வராது. இருபத்தாறு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவள். கட்டிலில் படுத்தால் வண்டி திடீரென்று பிரேக் போட்ட மாதிரி இருக்குமாம், கண் தானாகத் திறந்துகொள்ளுமாம். பெரியப்பா வைத்திருப்பதோ மெத்தைக் கடை. "மெத்தைக்காரன் பெண்டாட்டிக்கே தூக்கம் வரலேன்னு வெளிய சொல்லிடாதேடி, கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். தெருவில் ஆறேழு பேருக்கு மேல் நான் சொல்லவில்லை.

அதனால் வருடத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஏரிக்கரைக் காட்டுக்குக் கிளம்பிவிடுவாள். துணைக்கு நான். கூடாரம் சாமான்களுக்கு, படுக்கை தூளியில். விற்ற கடையில் அதற்கு ஹேமக் என்று பெயர், எங்கள் வீட்டில் தூளிதான். எனக்கு அப்போது பதிமூன்று வயது. கணக்கில் ஃபெயிலாவதைத் தவிர வேறு பொறுப்பு கிடையாது. இப்போது செல்போன் கடையில் ஸ்கிரீன் ஒட்டுகிறேன். லீவு கேட்டால் முதலாளிக்குக் காது கேட்பதில்லை. மதியம் கண் சொக்கும்போதெல்லாம் அந்தக் காடுதான் ஞாபகம் வருகிறது.

அவள் தூளி கட்டுவதைப் பார்க்க வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் காலால் அளந்து ஆறு எட்டு தூரம். துணி நன்றாகத் தொய்ந்து, சிரிக்கிற வாய் மாதிரி தொங்க வேண்டும். கால் பக்கம் ஒரு சாண் உயரம், இல்லாவிட்டால் உடம்பு சறுக்கிக் கீழே சேர்ந்துவிடும். படுப்பது நேராக இல்லை, குறுக்காக. நேராகப் படுத்தால் முதுகு வளைந்து போகும், குறுக்காகப் படுத்தால் துணி விரிந்து மட்டமாகும். டிக்கெட் பை தொங்கித் தொங்கி அவளுடைய வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. அந்தத் தோளைப் பள்ளத்தில் வைத்து, ஒரு காலை வெளியே தொங்க விட்டு, பத்து எண்ணுவதற்குள் தூங்கிவிடுவாள். எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூக்கில் புல்லை விட்டும் பார்த்திருக்கிறேன். "உள்ள போ, உள்ள போ" என்று தூக்கத்திலேயே அதட்டினாள்.

ஆறு வருடமாக இன்னொரு தூளியும் எங்களோடு வந்து, பிரிக்காமலே திரும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்காக வாங்கியது. அவர் வந்தால்தானே. அந்த வருடம் என்ன நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வரேன். தூக்கம் வரலேன்னா ஆயுசுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"சரிங்க" என்றாள். அன்று முழுக்க, கூட்டமில்லாத வண்டியில் நடப்பது போல வீட்டில் லேசாக நடந்தாள்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பெரியப்பா அவருடைய தூளியை என்னிடம் நீட்டினார்.

"தொளதொளன்னு வேணாம். கட்டில் மாதிரி விறைப்பா கட்டு."

விறைப்பாகக் கட்டினால் கவிழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு ஆர்வமாக இழுத்தேன். கடையில் செய்வது போல உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "இது சரக்கு" என்றார். ஏறிப் படுத்தார். நாற்பது வருடப் பழக்கம், குப்புறத் திரும்பினார். தூளி அவரைச் சருகில் கொட்டியது. நான் சிரித்த சிரிப்பில் பெரியம்மா தண்ணீர் கேனோடு ஓடி வந்தாள்.

பெரியப்பா திட்டவில்லை. முழங்கையைத் தட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போக அடுத்த பஸ் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

பஸ் நேரத்தில் அவளுக்குப் பொய் வராது. "அஞ்சு பத்துக்கு" என்றாள். பிறகு அந்தத் தூளியை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, நிதானமாக, இனி பிரிக்கவே போவதில்லை என்பது போல. என் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

"பெரியப்பா, அப்படிக் கட்டினா கவிழும்னு எனக்குத் தெரியும்."

"நான் சொன்னதைத்தானே செஞ்ச."

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைக் கடையில வெச்சா மெத்தைக்குள்ள முள்ளு தெச்சுக் குடுப்ப."

"ஒரே ஒரு தடவை பெரியம்மா கட்டட்டும். அஞ்சு பத்துக்கு இன்னும் நேரம் இருக்கே." இப்படி நான் கெஞ்சியதை வெளியில் சொல்ல வேண்டாம்.

 அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியம்மா அதற்குள் கட்டிவிட்டாள்.

"குப்புறப் படுக்காம எனக்குத் தூக்கம் வராது."

"இதுல குப்புறப் படுத்தா இடுப்பு போயிடும். ஒருக்களிச்சுப் படுங்க. குறுக்க. இன்னும் குறுக்க. தலையை அந்தப் பக்கம் தள்ளுங்க."

"பஸ்ல ஏத்தற மாதிரியே ஏத்தறா" என்று முணுமுணுத்தபடி முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டார். முழங்கால்களுக்கு நடுவில் அவள் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள்.

"வரலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வரலை." மூன்றாவது தடவை "வர" வரைக்கும்தான் வந்தது.

பெரியம்மா அன்று தன் தூளியைக் கட்டவில்லை. கல்லில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைப் பக்கம் ஹாரன் கேட்டது.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"டிக்கெட் எடுத்தவன் தூங்கினாத்தான் எழுப்பணும். இவர் இன்னும் எடுக்கலையே."

ஆறு மணிக்கு அவராகக் கண் விழித்தார். "பஸ்?"

"போயிடுச்சுங்க."

வானத்தைப் பார்த்தபடி சும்மா கிடந்தார். 

"கால் பக்கம் இன்னும் ரெண்டு விரல் ஏத்திக் கட்டேன்" என்றார்.