சாமத்தியவீட்டுக்கு வந்த குதிரைவண்டி

நேற்று நோர்பரி ஸ்டேஷன் அருகே பொலிஸ் குதிரையொன்று என்னைக் கடந்துபோனது. ஈரத்தோலும் குதிரைச் சாணமும் கலந்த அந்த வாசம், அடுக்குமாடி வீடுகளுக்காக இடித்துவிட்ட எங்கள் பழைய மண்டபத்தின் தெருவுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளில், நான் பெரியபிள்ளையானதைக் கொண்டாடிய சாமத்தியவீட்டுக்கு மாமா பிடித்த குதிரைவண்டி, மண்டபத்துக்குச் சற்று முன்பாக, மழை நனைத்த தெருவின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, குதிரையின் வெள்ளைத் தோல் நடுங்கி நடுங்கி அடங்க, அதன் கண்ணோரம் கட்டியிருந்த மறைப்புகளையே, பூ வைத்துப் பின்னிய சடையின் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாத நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பவே சொன்னனான் அண்ணை, இந்த றோட்டிலை குதிரை ஏலாதெண்டு,” என்றார் அம்மா.

“கவுன்சிலே ஓமெண்டிட்டுது. உனக்கென்ன?” என்றார் மாமா.

பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த வெள்ளைக்காரக் கிழவி, இதையெல்லாம் தடைசெய்ய வேண்டும் என்று வண்டிக்காரனிடம் கத்தினாள். குதிரை காதுகளை மடக்கிப் பின்னங்காலை உதறியது, வண்டி குலுங்கியது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, தனியாக மண்டபம்வரை நடந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

வாசலில் ஆராத்தித் தட்டோடு நின்ற மாமி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எங்கை பிள்ளை, குதிரை?”