எஸ்தரம்மாவின் மூலை வயல்

மார்கழிப் பனி விலகாத காலை. சம்பா வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வயல் கலியமூர்த்தி வரப்பில் வந்து நின்றான்.

“பெரியப்பா, உங்க டாக்டரம்மா போயிட்டாங்களாம். நீடாமங்கலத்துலேர்ந்து போன் வந்துச்சு.”

எஸ்தரம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்லர். நெல்லைக் கருக்கும் குலைநோய்ப் பூஞ்சையை ஆராய்ந்தவர். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, மகள் இதை எழுதுகிறாள்.

முதன்முதல் வந்தபோது என் வயலில் ஒரு மூலை கேட்டார். “நல்ல நெல்லு வேண்டாம் பெரியவரே. சீக்கிரம் நோய் பிடிக்கிற ரகமா விதைக்கணும்.”

“பைத்தியமாம்மா உங்களுக்கு?” என்று கேட்டே விட்டேன். சிரித்தார்.

இலையில் புள்ளி விழுந்ததும் பறித்துப் போவார். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து விளக்கினார்.

“பூஞ்சையோட வித்து கண்ணுக்கே தெரியாது. ஆனா கட்டுச்சோறோட வருது. உள்ள எண்ணெய். இலைமேல உக்காந்து, சங்கிலி மாதிரி இருக்கிற அந்தக் கொழுப்பை ரெண்டு ரெண்டு கண்ணியா அறுத்து, அந்த பலத்துலதான் குத்தி உள்ள போகுது. அறுக்கிற கத்தியை மழுக்கிட்டா வெளியிலேயே கெடந்து செத்துடும்.”

அதை மழுக்கும் வழியைத்தான் கடைசிவரை தேடினார்.

ஒரு வருஷம் ஊர் வயலெல்லாம் கருகியது. கலியமூர்த்திக்கு அறுக்க ஒரு கதிரில்லை. “நோயை வெதச்சதே நீங்கதான்! சோதனை பண்ண எங்க சோறுதான் கெடச்சுதா?” என்று எஸ்தரம்மா முகத்துக்கு நேரே கத்தினான். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்: “பனிக்காத்துல எங்கேர்ந்தும் வரும். ஆனா என் மூலையிலேர்ந்து போகலைன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது.”

அடுத்த போகத்தில் மூலையைச் சுற்றி நோய் தாங்கும் ரகத்தை வேலிபோல் நட்டார். நோய் தன் மூலையிலிருந்து போனதா என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

அவருக்கு வயிற்றில் புற்று என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். எலும்பாகக் கிடந்தார்.

“நானும் அந்த வித்து மாதிரி ஆயிட்டேன். சேத்து வச்ச கொழுப்பை உடம்பே அறுத்துத் தின்னுது. உள்ள போகத்தான் இலை இல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கத்தி மழுங்கல பெரியவரே. நான் போயிட்டா மூலையை எரிச்சுடுங்க. பாக்க ஆளில்லாம நோய் அங்க நிக்கக் கூடாது.”

அடக்கம் முடிந்து நேரே வயலுக்கு வந்தேன். பயிரை வேரோடு பிடுங்கிக் குவித்தேன். பச்சை பற்றவில்லை, புகைந்தது. கலியமூர்த்தி ஒரு கட்டு வைக்கோலோடு வந்தான்.

“அவங்க சொன்னதா?”

“ஆமாடா.”

கட்டைப் பிரித்துக் குவியல்மேல் பரப்பினான். தீ எழும்பியது. அணையும்வரை இருவரும் நின்றோம்.

போய் வாருங்கள் அம்மா. மூலையில் இப்போது சாம்பல்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு எங்களிடமும் பதில் இல்லை.